12-க்கு 12 படுக்கையறைக்கு எத்தனை டன் ஏசி? குமரி மாவட்ட வீடுகளுக்கான கணக்கு

கேள்வி இதுதான்: மார்த்தாண்டம் பக்கம் ஒரு மாடி வீடு. மேல்மாடியில் 12-க்கு 12 அடியில் படுக்கையறை, 10 அடி உயரம், மேலே வெறும் கான்கிரீட். மேற்கும் தெற்கும் வெளிச்சுவர், மேற்கில் 4-க்கு 5 அடியில் ஒரு ஜன்னல். கடையில் 1.5 டன் இல்லாமல் குளிராது என்கிறார்கள். 1 டன் போதாதா?

போதும். ஜன்னலுக்கும் மொட்டை மாடிக்கும் கொஞ்சம் செலவு செய்தால் தாராளமாகப் போதும். 1.5 டன் வாங்கினால் அறை சீக்கிரம் சில்லென்று ஆகும். ஆனால் புழுக்கம் முழுதாகப் போகாது. நம் மாவட்டத்தில் ஏசி சண்டை போடுவது வெயிலோடு மட்டுமல்ல, காற்றில் இருக்கும் ஈரத்தோடும்தான். இதை மனதில் வைத்தால் டன் கணக்கு தன்னால் தெளிவாகிவிடும்.

முதலில் டன் என்றால் என்ன என்பதை முடித்துவிடலாம். ஒரு டன் பனிக்கட்டி 24 மணி நேரத்தில் உருகும்போது எவ்வளவு வெப்பத்தை இழுக்குமோ அந்த வேகம்தான் 1 டன். மணிக்கு 12,000 பி.டி.யூ. (வெப்பத்தை அளக்கும் அலகு), அதாவது சுமார் 3,500 வாட். இது அறையிலிருந்து வெளியே தள்ளும் வெப்பத்தின் அளவு, கரண்ட் இழுக்கும் அளவு அல்ல. நல்ல 5 ஸ்டார் 1 டன் ஏசி முழு வேகத்தில் ஓடினாலும் ஏறக்குறைய 1,000 வாட் கரண்ட்தான் எடுக்கும்.

பெட்டியில் எழுதியிருக்கும் '1.5 டன்' என்ற வார்த்தையை நம்பி வாங்காதீர்கள். ஒரே '1.5 டன்' பெயரில் 4,700 வாட்டும் விற்கிறது, 5,200 வாட்டும் விற்கிறது. ஸ்டார் லேபிளில் குளிர்விக்கும் திறன் வாட்டில் போட்டிருக்கும். 100 சதவீதத்துக்கு ஒன்று, 50 சதவீதத்துக்கு ஒன்று. 100 சதவீதத்துக்கான எண்ணைத்தான் பார்க்க வேண்டும். அது வெளியே 35 டிகிரி, உள்ளே 27 டிகிரி இருக்கும்போது அளந்த திறன். வேலூரிலும் திருச்சியிலும் மே மாதம் 40 டிகிரியைத் தொடும்போது அதே மெஷினின் திறன் குறைந்துவிடும். அதனால்தான் அங்கே பெரிதாக வாங்கு என்கிறார்கள். நாகர்கோவிலில் கோடையில்கூடப் பகல் வெப்பம் பெரும்பாலும் 32 முதல் 35 டிகிரிக்குள் நிற்கும். லேபிளில் உள்ள திறன் இங்கே ஏறக்குறைய அப்படியே கிடைக்கும். உள்நாட்டு ஊர்களுக்குச் சொன்ன 'நூறு சதுர அடிக்கு ஒரு டன்' என்ற வாய்க்கணக்கை இங்கே கொண்டுவந்து வைப்பதுதான் தவறு.

சரி, கணக்குக்கு வருவோம். வெப்பம் எந்தெந்த வழியாக அறைக்குள் வருகிறது என்று தனித்தனியாகக் கூட்டுவதுதான் நம்பகமான வழி. கீழே உள்ள எண்கள் நம் ஊர் வெயிலுக்கும் சாதாரணக் கட்டுமானத்துக்கும் பொருந்தும் தோராய அளவுகள்; ஒரு டேப்பும் பேப்பரும் போதும்.

கூரை, சதுர அடிக்கு: வெயில் படும் வெறும் கான்கிரீட் என்றால் 6 வாட், வெள்ளைக் குளிர்கூரை பெயிண்ட் அடித்திருந்தால் 3.5 வாட், மேலே இன்னொரு மாடி இருந்தால் 1 வாட்.
சுவர், சதுர அடிக்கு: மேற்கு வெளிச்சுவர் 2.5 வாட், மற்ற வெளிச்சுவர்கள் 1.5 வாட், பக்கத்து அறையோடு ஒட்டிய உள்சுவர் 1 வாட்.
ஜன்னல், சதுர அடிக்கு: மாலை வெயில் நேரே அடித்து உள்ளே திரைச்சீலை மட்டும் இருந்தால் 30 வாட், வெளியே நல்ல நிழல் இருந்தால் 10 வாட்.
ஆள் ஒன்றுக்கு 120 வாட். ஃபேன், டிவி, லேப்டாப் எல்லாம் அதனதன் வாட் அப்படியே.
கதவிடுக்கு, ஜன்னலிடுக்கு வழியாக வரும் ஈரக்காற்றுக்கு ஒரு படுக்கையறைக்கு 400 வாட். அட்டாச்டு பாத்ரூமின் கதவு திறந்தே கிடக்கும், வென்டிலேட்டரும் அடைக்கவில்லை என்றால் இன்னொரு 200.

கேட்ட அறைக்குப் போட்டுப் பார்ப்போம். கூரை 144 × 6 = 864. மேற்குச் சுவர், ஜன்னல் போக 100 சதுர அடி, 250. தெற்குச் சுவர் 120 × 1.5 = 180. இரண்டு உள்சுவர்கள் 240. ஜன்னல் 20 × 30 = 600. இரண்டு பேர் 240. ஈரக்காற்று 400. ஃபேனும் டிவியும் 175. மொத்தம் 2,949 வாட். வெயில் உச்சத்தில் இருக்கும் மோசமான நேரத்துக்கான கணக்கு இது. 3,500 வாட் தரும் 1 டன் ஏசி இதைச் சுமந்து, மேலே 500 வாட்டுக்கும் கூடுதலாக மிச்சம் வைக்கிறது. 24 டிகிரிக்கு வைக்கும்போது திறன் கொஞ்சம் குறையும். அதற்கும் அந்த மிச்சம் போதும்.

இதே அறை கீழ்மாடியில் இருந்தால் கூரைக்கு 864 போய் 144 வரும். மொத்தம் 2,229 வாட். 0.8 டன்னே போதும் என்ற நிலை.

இப்போது மேல்மாடிக்கே திரும்பி, மொட்டை மாடியில் வெள்ளை பெயிண்ட் அடித்து, மேற்கு ஜன்னலுக்கு வெளியே நிழல் கொடுத்துப் பாருங்கள். கூரையில் 360 வாட் குறையும், ஜன்னலில் 400 வாட் குறையும். மொத்தம் 2,189. கீழ்மாடி அறைக்குச் சமமாகிவிட்டது! 1 டன்னுக்கும் 1.5 டன்னுக்கும் உள்ள விலை வித்தியாசத்தை இந்த இரண்டு வேலையில் போடுங்கள் என்பதுதான் என் அழுத்தமான கருத்து. பெரிய ஏசி மாதாமாதம் கரண்ட் கேட்கும், நிழல் கேட்காது.

கூரைக்கு ஏன் இவ்வளவு எடை கொடுக்கிறேன் என்றால், நாம் இருப்பது ஏறக்குறைய 8 டிகிரி வட அட்சரேகையில். ஏப்ரல் இரண்டாம் வாரத்தில் நண்பகல் சூரியன் நம் தலைக்கு நேர் மேலே நிற்கும், ஆகஸ்ட் கடைசியில் மறுபடியும் நிற்கும். பகல் முழுக்க வாங்கிய வெப்பத்தைக் கான்கிரீட் மெதுவாகக் கீழே இறக்கும். இரவு 9 மணிக்குக் கட்டில்மேல் ஏறி நின்று சீலிங்கில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள், இன்னும் இளஞ்சூடாக இருக்கும். ஏசியைப் போட்டு அரை மணி நேரம் ஆகியும் குளிரவில்லை என்று மேல்மாடிக்காரர்கள் சொல்வது பெரும்பாலும் இந்தச் சூட்டைத்தான். இன்னொன்று: ஏப்ரல் பாதியிலிருந்து ஆகஸ்ட் வரை நண்பகல் சூரியன் நமக்கு வடக்கே போகிறது. 'வடக்கு ஜன்னலுக்கு வெயிலே படாது' என்று வட இந்தியாவை வைத்துச் சொல்வது இங்கே செல்லாது. வடக்குக்கும் சன்ஷேடு வேண்டும்.

நம் பக்கம் நிறைய வீடுகளில் மழைக்காக மொட்டை மாடியின்மேல் டிரஸ் (இரும்புச் சட்டம்) அடித்து ஷீட் போடுகிறார்கள். ஏசி வைப்பவருக்கு இது பெரிய வரம். வெயில் ஷீட்டில் நின்றுவிடும், கான்கிரீட் நிழலில் கிடக்கும். ஆனால் பக்கங்கள் திறந்து காற்று ஓட வேண்டும். நான்கு பக்கமும் அடைத்து ஸ்டோர் ரூம் ஆக்கிவிட்டால் சூடு உள்ளேயே தங்கிவிடும். திறந்த டிரஸ் இருந்தால் கூரைக்கு 6-க்குப் பதில் 2 வாட் போட்டுக்கொள்ளலாம்.

இனி, பெரிது வாங்கினால் என்ன கெடுதல் என்பது. பலர் இதை நம்புவதில்லை, 'கூட இருந்தால் நல்லதுதானே' என்பார்கள். ஏசி ஒரே நேரத்தில் இரண்டு வேலை செய்கிறது: காற்றின் சூட்டைக் குறைக்கிறது, காற்றிலுள்ள ஈரத்தைத் தண்ணீராக்கி வடிக்கிறது. சூடு சீக்கிரம் இறங்கும். ஈரம் அப்படியல்ல, உள் காயில் (உள் யூனிட்டில் குளிரும் குழாய்ச்சுருள்) நல்ல குளிர்ச்சியோடு தொடர்ந்து ஓடினால்தான் வடியும். தேவைக்கு மீறிய மெஷின் பத்துப் பதினைந்து நிமிடத்தில் 24 டிகிரியைத் தொட்டு கம்ப்ரஸரை நிறுத்திவிடும். பிளோயர் (காற்றை வீசும் விசிறி) மட்டும் ஓடிக்கொண்டிருக்கும். காயில் ஒட்டியிருந்த தண்ணீர் மறுபடி ஆவியாகி அறைக்கே திரும்பும். குளிரும், ஆனால் பிசுபிசுக்கும். போர்வை நமத்துப்போகும், அலமாரிக்குள் பெல்ட்டும் செருப்பும் பூஞ்சை பிடிக்கும். புழுக்கம் தாங்காமல் 20 டிகிரிக்கு இறக்குவார்கள். பில் ஏறும், புழுக்கம் போகாது.

'இன்வெர்ட்டர் ஏசிதானே, தானாகக் குறைத்துக்கொள்ளும்' என்று கடையில் சொல்வார்கள். இன்வெர்ட்டர் என்றால் கம்ப்ரஸரின் வேகத்தைத் தேவைக்கேற்ப மாற்றும் வகை. அவர்கள் சொல்வது பாதி உண்மை. இன்வெர்ட்டருக்கும் இதற்குக் கீழே போகாது என்று ஒரு அடிமட்டம் உண்டு. மாடலின் விவரத்தாளில் திறனைக் குறைந்தபட்சம், அதிகபட்சம் என்று போட்டிருப்பார்கள். கேட்டு வாங்கிப் பாருங்கள். மேலே மாடி உள்ள படுக்கையறையில் நள்ளிரவில் வெயில் இல்லை, டிவி இல்லை, தேவை 1,200 வாட் அளவுக்கு இறங்கிவிடும். அடிமட்டமே 1,500 வாட் உள்ள மெஷின் அங்கே ஆன்-ஆஃப் ஆகிக்கொண்டுதான் இருக்கும். அடிமட்டத்துக்கு மேலே ஓடினாலும், பெரிய காயில் மெதுவாக ஓடும்போது காயில் அவ்வளவு குளிராது, ஈரம் குறைவாகவே வடியும். ஜூன், ஜூலை மழையிலும் ஐப்பசி, கார்த்திகை மழையிலும் இது இன்னும் மோசம். வெளியே சூடு இல்லை, ஈரம் மட்டும் நிறைய. அப்போது ட்ரை மோடில் (ஈரத்தை வடிக்கும் முறை) போட்டு ஃபேன் வேகத்தைக் குறைத்து வையுங்கள்.

வீட்டில் ஏற்கெனவே ஏசி இருந்தால் அது பெரிதா சிறிதா என்று கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. சில நூறு ரூபாய்க்கு ஈரப்பதம் காட்டும் சின்ன மீட்டர் கிடைக்கிறது. கட்டில் தலைமாட்டில் வைத்துவிட்டு, வெளியே டிரெயின் பைப்பின் அடியில் ஒரு வாளியை வையுங்கள். 25 டிகிரியில் ஒரு மணி நேரம் ஓடிய பிறகு மீட்டர் 50-க்கும் 60-க்கும் நடுவில் நின்று, வாளியில் ஒரு லிட்டர் அளவுக்குத் தண்ணீர் சேர்ந்திருந்தால் அளவு சரி. 24 டிகிரி காட்டுகிறது, ஆனால் ஈரம் 70-க்கு மேல் நிற்கிறது, வாளியில் சொட்டுச் சொட்டாகத்தான் விழுகிறது என்றால் ஏசி பெரிது, அல்லது எங்கிருந்தோ வெளிக்காற்று தாராளமாக வந்துகொண்டிருக்கிறது. ஒரு மணி நேரம் ஆகியும் 28-ஐ விட்டு இறங்கவே இல்லை என்றால் ஏசி சிறிது, அல்லது கேஸ் குறைவு.

ஹால் விஷயத்தில் ஜாக்கிரதை. 14-க்கு 20 ஹால், மேலே மாடி, கதவுகள் அடைபடும் என்றால் 1.5 டன், வெறும் கான்கிரீட்டின் அடியில் என்றால் 2 டன். ஹாலிலிருந்து மாடிப்படி திறந்து மேலே போகிறதா? டைனிங்கும் அடுக்களையும் கதவில்லாமல் ஒட்டியிருக்கிறதா? அப்படியானால் எத்தனை டன் என்ற கேள்விக்கே அர்த்தமில்லை. படி வழியாகவும் அடுக்களை வழியாகவும் ஈரக்காற்று வந்துகொண்டே இருக்கும். முதலில் ஒரு கண்ணாடித் தடுப்போ கனமான பி.வி.சி. திரையோ போடுங்கள், அதற்குப் பிறகு கணக்குப் போடுங்கள்.

பழைய ஓட்டு வீட்டில் பலகை மச்சு இருந்து, இடுக்குகளை அடைத்தால் ஏசி வைக்கலாம். கூரைக்கு 4 வாட், ஈரக்காற்றுக்கு 400-க்குப் பதில் 800 போடுங்கள். மச்சு இல்லாத ஓட்டு வீட்டில் வைப்பது காசைக் காற்றில் விடுவது. மொட்டை மாடியில் தகர ஷீட் போட்டுக் கட்டிய அறையும் அப்படித்தான்: முதலில் ஃபால்ஸ் சீலிங், அதன்மேல் வெப்பம் தடுக்கும் ஷீட், ஷீட்டுக்கும் சீலிங்குக்கும் நடுவில் காற்று போக வழி. இவை இல்லாமல் 10-க்கு 12 அறைக்கு 1.5 டன் வைத்தாலும் பகலில் திணறும்.

குலசேகரம், அருமனை, திருவட்டார் பக்கம் ரப்பர் மரமும் பலா மரமும் சூழ்ந்த வீடுகளுக்குச் சுவரில் வெயில் குறைவு. மேற்குச் சுவருக்கும் 1.5 வாட்டே போடலாம். ஆனால் காற்றில் ஈரம் கூடுதல். இங்கே எந்தக் காரணத்துக்காகவும் பெரிது வாங்காதீர்கள்.

குளச்சல், முட்டம், மணவாளக்குறிச்சி, கன்னியாகுமரி என்று கடலோரத்தில் இருப்பவர்களுக்கு டன்னைவிட உப்புதான் பிரச்சினை. வெளி யூனிட்டின் மெல்லிய அலுமினியத் தகடுகளை உப்புக்காற்று அரித்துப் பொடியாக்கும். தகடு போனால் வெப்பத்தை வெளியே தள்ள முடியாது. 1 டன் மெஷின் சில வருடங்களில் முக்கால் டன் வேலைதான் செய்யும். அப்போதும் 'அடுத்தது 1.5 வாங்கு' என்ற ஆலோசனைதான் வரும். செம்புக் காயில், தகடுகளில் அரிப்புத் தடுப்புப் பூச்சு, இரண்டும் கேட்டு வாங்குங்கள். கடல் பார்த்த சுவரில் மாட்டாமல் வீட்டின் மறுபக்கம் மாட்டுங்கள். ஏசியை அணைத்துவிட்டு மாதம் ஒருமுறை நல்ல தண்ணீரை மெதுவாக ஊற்றித் தகடுகளைக் கழுவுங்கள், பிரஷர் வாஷர் வேண்டாம், தகடு மடங்கிவிடும். ஸ்டாண்டும் துருப்பிடிக்காததாக இருக்கட்டும்.

ஆரல்வாய்மொழி, முப்பந்தல், தோவாளை பக்கம் வேறு மாதிரி. தென்மேற்குப் பருவத்தில் கணவாய் வழியாக அடிக்கும் காற்று காற்றாலைகளையே சுழற்றுகிறது. வெளி யூனிட்டின் ஃபேன் முகத்தை அந்தக் காற்றுக்கு எதிரே வைத்தால், ஃபேன் தள்ளும் சூடான காற்று திரும்ப அதன்மேலேயே வந்து மோதும். பிரஷர் ஏறும், குளிர் குறையும், கரண்ட் கூடும். காற்றின் போக்குக்குக் குறுக்காக, பக்கவாட்டில் திருப்பி வையுங்கள்.

ஏசி சிறிதாகிவிட்டது என்று நினைக்கும் பல இடங்களில் உண்மையான காரணம் மாட்டிய விதம்தான். பைப் மாட்டியதும் வாக்குவம் பம்ப் வைத்து உள்ளே இருக்கும் காற்றையும் ஈரத்தையும் உறிஞ்ச வேண்டும். இருபது நிமிடமாவது ஓட வேண்டும், பிறகு நிறுத்திவிட்டு மீட்டர் முள் அசையாமல் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். கொஞ்சம் கேஸை விட்டு 'காற்று போயிடுச்சு' என்று முடிப்பவரை அனுமதிக்காதீர்கள். உள்ளே தங்கும் ஈரம் கம்ப்ரஸரைக் கெடுக்கும். ஃப்ளேர் மூட்டுகளில் (பைப் முனையை விரித்து நட்டால் முறுக்கும் இடங்கள்) சோப்பு நுரை தடவிக் குமிழி வருகிறதா என்று உங்கள் கண்ணால் பாருங்கள். பைப் 3 முதல் 5 மீட்டருக்குள் இருந்தால் நல்லது. அதற்கு மேல் நீண்டால் திறன் குறையும், எவ்வளவு கேஸ் சேர்ப்பது என்று அந்த மாடலின் கையேட்டில் இருக்கும். இரண்டு பைப்புக்கும் தனித்தனியாக உறை போட வேண்டும், நம் ஊர் ஈரத்தில் உறை இல்லாத இடமெல்லாம் சொட்டும். டிரெயின் பைப் எங்கும் மேலே ஏறாமல் சரிந்தே போகட்டும். வெளி யூனிட்டின் முன்னால் குறைந்தது 2 அடி திறந்த வெளி வேண்டும், கம்பி வலையடித்த குறுகிய பால்கனிக்குள் வைத்தால் தன் சூட்டையே அது திரும்ப உறிஞ்சும்.

1 டன்னுக்கு 2.5 சதுர மி.மீ. செம்பு ஒயர், 16 ஆம்பியர் எம்.சி.பி. (கரண்ட் மிகுந்தால் தானாக அணையும் சுவிட்ச்); 1.5 டன்னுக்கு 4 சதுர மி.மீ., 20 ஆம்பியர். மீட்டர் பெட்டியிலிருந்து தனி லைன் இழுங்கள், எர்த் சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். மாலையில் வோல்டேஜ் இறங்கும் கிராமப்புறங்களில் 1 டன்னுக்கு 3 கே.வி.ஏ., 1.5 டன்னுக்கு 4 கே.வி.ஏ. ஸ்டெபிலைசர் வையுங்கள்.

பில்லைப் பற்றி ஒன்று. லேபிளில் போட்டிருக்கும் வருட யூனிட் 1,600 மணி நேரத்துக்கான கணக்கு. இரவில் 8 மணி நேரம் வீதம் வருடம் முழுக்கப் போட்டால் 2,900 மணி நேரத்தைத் தாண்டும், அதற்கேற்ப எண் கூடும். மின்வாரியத்தின் இரண்டு மாதக் கணக்கில் 500 யூனிட்டைத் தாண்டினால் கீழ் அடுக்குகளின் விலையும் சேர்ந்து மாறுவதால், ஓரத்தில் நிற்கும் வீடுகளுக்குச் சில யூனிட்கூடப் பெரிய வித்தியாசம். 26 டிகிரியில் வைத்து சீலிங் ஃபேனை மெதுவாக ஓடவிடுங்கள். ஒரு டிகிரி ஏற்றினால் ஏறக்குறைய 6 சதவீதம் கரண்ட் மிச்சம்.

கேட்ட அறைக்கு வாங்க வேண்டியது இது: லேபிளில் 3,400 வாட்டுக்குக் குறையாத 1 டன் இன்வெர்ட்டர், 5 ஸ்டார், செம்புக் காயில், குறைந்தபட்சத் திறன் 1,000 வாட்டுக்குக் கீழே போகும் மாடல். அந்த மேற்கு ஜன்னலுக்கு வெளியே மூங்கில் தட்டியோ ஷீட்டோ ஏசி வருவதற்கு முன்பே மாட்டிவிடுங்கள். பெயிண்டை மழை விட்டு மாடி நன்றாகக் காய்ந்திருக்கும் ஜனவரி, பிப்ரவரியில் அடியுங்கள். பாசியைச் சுரண்டிக் கழுவாமல் அடித்தால் அடுத்த மழையிலேயே உரிந்துவிடும்.